செனட்டுக்குப் போட்ட குரவை

நடமாடும் என்று பெயர் வைத்து எது வந்தாலும் அதற்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும் என்பது வவுணதீவில் எல்லோருக்கும் தெரியும். நடமாடும் கண் வைத்தியத்துக்குப் போனபோதுகூடக் கேட்டார்கள். ஆகவே, ஏறாவூரில் நடமாடும் செனட் கூடுகிறது என்று கேள்விப்பட்ட வசந்தாதேவி, இரண்டையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, புருசனின் இறப்புச் சான்றிதழையும் ஒரு காவலுக்குச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

செனட் என்றால் என்ன என்று பஸ்ஸில் இருந்த யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாட்டில் ஏற்கனவே இருக்கிற சபைகள் பேசி முடிக்காமல் விடுகிறதைப் பேசி முடிக்க மேலே இன்னொரு சபை போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அது கொழும்பிலேயே இருந்து பேசிப் பேசி அலுத்துப்போய், மக்களின் காலடிக்கே போகிறோம் என்று புறப்பட்டுவிட்டதாம். இந்த மாதம் மட்டக்களப்பின் முறை.

வசந்தாதேவிக்கு அது என்னவாக இருந்தாலும் சரி. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: முகத்துவாரத்தை வெட்ட வேண்டும். மாரி மழை விடாமல் கொட்டிக் களப்பு நிறைந்து, அவளுடைய வயல்வட்டை முழுக்கத் தண்ணீர் ஏறியிருந்தது. பயிர் முழங்காலளவு, தண்ணீர் இடுப்பளவு. கடலுக்கும் களப்புக்கும் இடையில் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கிற மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓர் இரவில் வடிந்துவிடும். நாளை மறுநாள் வரைக்கும் வெட்டாவிட்டால் பயிர் அழுகும். அதோடு அவளுடைய வருசத்துச் சோறும் போகும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு முறை இருந்தது. தண்ணீர் ஏறினால் வயல்காரர் மண்வெட்டியோடு முகத்துவாரத்துக்குப் போவார்கள். வெட்டினால் மீன் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று மீன்காரர் வந்து குறுக்கே நிற்பார்கள். இரண்டு பகுதியும் மாறி மாறி ஏசிக்கொள்ளும். தண்ணீர் மீன்காரரின் குசினிக்குள்ளும் எட்டிப் பார்க்கிற நாளில் அவர்களே ஒரு மண்வெட்டியைக் கேட்டு வாங்குவார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துத் தலையாட்டுவார்கள். ஆனால் நாட்டில் எது திறக்கப்பட்டாலும் அது தேசிய விடயம் என்று செனட் போன வருடம் ஒரு சட்டம் போட்டிருந்தது. இனி முகத்துவாரத்துக்கு ஓர் ஆணையாளர். அவரைச் செனட் தெரிவுசெய்ய வேண்டும். அதுவரைக்கும் மணலில் கை வைக்கக் கூடாது என்று அங்கே பொலிஸ் நிற்கிறது.

பஸ்ஸில் எதிர்ச் சீட்டில் கனகசூரியம் இருந்தான். வசந்தாதேவியின் அக்காவைக் கட்டியவன், களப்பில் வலை போடுகிறவன். அவனும் செனட்டுக்குத்தான் போனான், வெட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு.

"மச்சாள், இந்த முறை மேலிடத்திலேயே பேசி வைச்சிருக்கம். ஒரு பிடி மண் எடுக்க ஏலாது உங்களால," என்றான்.

"அக்காட அடுப்படிக்குள்ள தண்ணி வந்திட்டாமே. நீங்க மேலிடத்தில பேசுங்க மச்சான், அவ கட்டிலுக்கு மேல இருந்து சமைக்கட்டும்."

கனகசூரியம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

செனட் கூடியது முனாப் ஹாஜியாரின் கல்யாண மண்டபத்தில். அதைவிடப் பெரிய இடம் ஏறாவூரில் அன்றைக்கு வெறுமையாக இருக்கவில்லை. அதுவும் வெறுமையாக இருக்கவில்லை என்பதுதான் உண்மை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரின் மகள் ஸாதியாவுக்கு அங்கே கல்யாணம். மத்தியானத்தோடு முடித்துவிடுவோம் என்று செனட் வாக்குக் கொடுத்திருந்தபடியால் ஹாஜியார் சம்மதித்தார். மேடையில் மணமக்களுக்கு ஜோடித்து வைத்த சிவப்பு நாற்காலியில் செனட்டின் தலைவர் அமர்வதாக ஏற்பாடு. அதற்கு மேலே ரெஜிபோம் அட்டையில் வெட்டி ஒட்டிய "ஸாதியா – றிஸ்லான்" என்ற எழுத்துகளைக் கழற்ற ஹாஜியார் விடவில்லை. கழற்றினால் உடையும் என்றார்.

வாசலில் மேனுகா நின்றாள். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற பிள்ளை. மக்கள் கலரி நிறைந்திருக்க வேண்டும் என்று மேலே இருந்து வந்த உத்தரவுக்காக ஊர் ஊராகப் பெண்களைப் பிடித்து வந்து இருத்திக்கொண்டிருந்தாள். வசந்தாதேவி நீட்டிய பொலித்தீன் பையைப் பார்த்து, அது வேண்டாம் அக்கா, குரவை மட்டும் வந்தால் போதும் என்றாள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவும் குரவை இல்லாமல் தொடங்காது. தமிழ்ப் பெண்களும் போடுவார்கள், முஸ்லிம் பெண்களும் போடுவார்கள். தலைவர் வந்து அமர்ந்து மேசையில் தட்டியதும் எல்லோரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றி ஒரு குரவை. அதுதான் மேனுகாவின் ஏற்பாடு.

தட்டுகிற சுத்தியல் கொழும்பிலேயே தங்கிவிட்டது பிறகுதான் தெரியவந்தது. ஹாஜியார் சமையல்கட்டில் இருந்து இஞ்சி இடிக்கிற மர உலக்கையைக் கொடுத்தார். புரியாணிக்கு இஞ்சி இடிக்க வேண்டும், சுணங்காமல் திருப்பித் தாருங்கள் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளைக் கையுறை போட்ட இருவர் செங்கோலைச் சுமந்து வர, தலைவர் பின்னால் வந்து ஸாதியாவின் நாற்காலியில் அமர்ந்தார். உலக்கையால் தட்டினார். மண்டபம் அதிரக் குரவை எழுந்தது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொழும்பில் தான் வந்து அமரும்போது ஒருவரும் இருமுவதுகூட இல்லை என்று பக்கத்தில் இருந்த செயலாளரிடம் சொன்னார். அது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது.

முதல் அலுவல், காலமான முன்னாள் செனட்டர் ஒருவருக்கு அனுதாபம். அதை மூன்று மொழியிலும் சொன்னார்கள். அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் தட்டினார்.

தட்டினால் குரவை என்றுதானே மேனுகா சொன்னாள். பெண்கள் மனம் வைத்துப் போட்டார்கள்.

இறந்துபோனவருக்கு ஊரே குரவை போட்டதில் சபை கொஞ்சம் திகைத்தது. மேனுகா கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தாள். இன்னும் பலமாகப் போடச் சொல்கிறாள் என்று பெண்கள் விளங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது தெரிவுகள். கடலே இல்லாத ஒரு நாட்டுக்குத் தூதுவர், மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் பணிப்பாளர், அந்தத் தொழிற்சாலை ஏன் மூடிக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் குழுவுக்கு அதே பணிப்பாளர். ஒவ்வொரு பெயருக்கும் தலைவர், ஆம் என்போர் சொல்லலாம், இல்லை என்போர் சொல்லலாம் என்பார். எந்தப் பக்கம் சத்தம் கூடவோ அந்தப் பக்கம் வெற்றி. ஆளும் பகுதி ஆம் என்னும். அதோடு உலக்கை விழும், உலக்கையோடு குரவை எழும். எதிர்ப் பகுதி வாயைத் திறந்து மூடியது மட்டும் தெரியும். அவர்கள் இல்லை என்றார்களா, கொட்டாவி விட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது.

நாலாவது பெயர் முகத்துவார ஆணையாளருக்கானது. வசந்தாதேவி நிமிர்ந்து இருந்தாள். கலரியின் மறுபக்கத்தில் கனகசூரியமும் நிமிர்ந்தான்.

உதயரூபன் என்ற அந்த மனிதர் பளபளக்கும் சப்பாத்தோடு எழுந்து நின்றார். தலைவரே அவரை அறிமுகம் செய்தார். "வேட்பாளர் என் மனைவியின் தம்பி என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மறைத்தால்தான் அது ஊழல். சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை."

களப்பைப் பற்றி என்ன தெரியும் என்று எதிர்ப் பகுதித் தலைவர் கேட்டார்.

"நான் களப்பை நேரில் பார்த்ததில்லை," என்றார் உதயரூபன். "அதுதான் என் பலம். பார்த்தவர்கள் எல்லோரும் வயல்காரர் பக்கமோ மீன்காரர் பக்கமோ சாய்ந்துவிடுகிறார்கள். நான் பார்க்காதபடியால் நடுநிலையாக இருக்கிறேன். இனியும் பார்க்காமல் இருக்க என்னால் ஆன மட்டும் முயல்வேன்."

நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். அது பதவிக்கான தகைமைகளில் இல்லை என்றார். பதவிக்கு வந்ததும் முதல் வேலை என்ன என்று கேட்டார்கள்.

"ஒழுங்கு. இன்று முதல் என்னுடைய எழுத்து மூல அனுமதி இல்லாமல் முகத்துவாரத்தில் ஒரு வள்ளமும் இறங்காது. யாராக இருந்தாலும் சரி. எந்த அவசரமாக இருந்தாலும் சரி."

கனகசூரியத்தின் முகம் கறுத்தது. மேலிடத்தில் பேசி வைத்திருப்பதாகச் சொன்ன ஆள், மேலிடம் தன்னிடம் ஒன்றும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கண்டான். உலக்கை விழுந்தது. வசந்தாதேவி, ஆணையாளர் வந்தால் முகத்துவாரம் வெட்டுப்படும் என்ற நம்பிக்கையில், மற்ற எல்லோரையும்விட நீளமாகக் குரவை போட்டாள்.

எதிர்ப் பகுதித் தலைவர் கதிரையில் ஏறி நின்று கத்தினார். இந்தச் சபையில் இருப்பவர்கள் வாக்களிக்கவில்லை, கலரியில் இருக்கும் பெண்களே வாக்களிக்கிறார்கள் என்றார். அது நியாயம். செயலாளர்கூடத் தலையை ஆட்டினார். மைத்துனரின் பதவி கைநழுவப் போகிறது என்று கண்ட தலைவர் எழுந்து நின்றார்.

"இச்சபை ஒலியைக் கேட்கிறது. ஒலி எழுப்பியவரின் முகத்தைக் கேட்பதில்லை," என்றார். "இந்தக் கூரைக்குள் எழும் எந்த ஒலியும் இச்சபையின் ஒலியே. இது என் தீர்ப்பு. ஒருமுறை நான் கொடுத்த தீர்ப்பை அந்த அமர்வு முடியும்வரை மாற்றும் அதிகாரம் எனக்கே கிடையாது என்பது இச்சபையின் மாண்பு."

ஆளும் பகுதி மேசையில் தட்டியது. தட்டிய சத்தத்துக்கும் ஒரு குரவை விழுந்தது.

அதற்குப் பிறகு கலரிக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. இடைவேளையில் ஆளும் பகுதியின் செனட்டர்கள் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். எதிர்ப் பகுதியினர் மீன் அடைத்த மாலு பணிசும் சோடாவும் கொண்டு வந்தார்கள். தாய்மார்களே, சகோதரிகளே என்று ஒவ்வொருத்தியின் ஊரையும் பேரையும் கேட்டார்கள். குரவை எப்படிப் போடுவது என்று ஒரு செனட்டர் பழகிப் பார்த்து விக்கல் எடுத்துப் போனார். நாளை முதல் கொழும்புக்கே வந்துவிடுங்கள், தங்க இடம் தருகிறோம் என்று இரண்டு பகுதியும் கேட்டது. வசந்தாதேவி சாப்பிட்டுக்கொண்டே யோசித்தாள். தங்கள் நாக்கில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. சோற்றுப் பார்சல் தந்த செனட்டரிடம், முகத்துவாரத்தை வெட்டுகிற விடயத்தைக் கடைசியில் வைக்காமல் அடுத்ததாக எடுங்கள், மறுகா நீங்கள் சொல்வதற்கெல்லாம் போடுகிறோம் என்றாள்.

அவர் ஓடிப்போனார். அடுத்ததாக எடுத்தார்கள். "முகத்துவாரம் உடனடியாக வெட்டப்பட வேண்டும்" என்று வாசிக்கப்பட்டது, உலக்கை விழுந்தது, குரவை எழுந்தது, நிறைவேறியது. இவ்வளவு இலேசான ஒரு சபையை இத்தனை நாளும் தெரியாமல் இருந்தோமே என்று வசந்தாதேவி நினைத்தாள்.

அப்போது செயலாளர் தொண்டையைச் செருமி உபபிரிவை வாசித்தார். 'உடனடியாக' என்பது ஆணையாளர் முகத்துவாரத்துக்கு நேரில் வந்து, தன் கையால் முதல் மண்ணை வெட்டும் நாளைக் குறிக்கும். அந்த நாள் அவருடைய வசதிப்படி. உதயரூபன் தன் கைபேசியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"வருகிற மாதம் கடைசியில் ஒரு புதன்கிழமை வெறுமையாக இருக்கிறது," என்றார். "ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்."

வசந்தாதேவி விரல் விட்டு நாள் எண்ணினாள். வருகிற மாதம் கடைசியில் வட்டையில் அழுகல் நாற்றம் மட்டும்தான் இருக்கும். அந்த மனிதரைக் கதிரையில் ஏற்றியது யார்? காலையில் அவள்தான், மற்ற எல்லோரையும்விட நீளமாக. கலரியின் மறுபக்கத்தில் இருந்து கனகசூரியம் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பின்வரிசையில் குந்தினான்.

"மச்சாள், வெட்டுறதும் வெட்டாம விடுறதும் நீங்களும் நாங்களும் ஏசிப்பட்டுத் தீர்க்கிற காரியம். இந்த ஆள் ஆரு நடுவுல?"

"நான்தானே மச்சான் குரவை போட்டு ஏத்தி வைச்சன்."

"ஏத்தினா இறக்கேலாதா?"

"இறக்க வேணாம். கொண்டு போவம்," என்றாள் வசந்தாதேவி. பக்கத்தில் இருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அது வரிசை வரிசையாகப் போனது.

அலுவல்கள் முடிந்துவிட்டன. வெளியே லொறியில் இருந்து புரியாணிச் சட்டிகள் இறங்குகிற சத்தம் கேட்டது. சபை இப்போது ஒத்திவைக்கப்பட வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார். இரண்டு பகுதியும் அன்றைக்கு முதன்முறையாக ஒற்றுமைப்பட்டு ஆம் என்றது. தலைவர் உலக்கையை ஓங்கினார்.

"இல்லை," என்றான் கனகசூரியம்.

அது களப்பின் அக்கரையில் நிற்கிற வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல். ரெஜிபோம் எழுத்தில் ஒன்று கழன்று தலைவரின் மடியில் விழுந்தது. உலக்கை மேசையில் விழுந்தது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாக்குக்கூட அசையவில்லை. சத்தம் கூடிய பக்கம் 'இல்லை'தான்; ஒத்திவைப்பு தோற்றது.

தலைவர் மறுபடி கேட்டார். செனட்டர்கள் மறுபடி ஆம் என்றார்கள். கனகசூரியம் மறுபடி இல்லை என்றான். காலையில் இருந்து பேசிப் பேசித் தொண்டை வற்றியவர்களுக்கும் காலையில் இருந்து வாயே திறக்காத ஒருவனுக்கும் நடக்கிற போட்டி அது. அவனை வெளியே அனுப்பலாமா என்று தலைவர் கேட்க, இந்தக் கூரைக்குள் எழும் ஒலி சபையின் ஒலி என்பதால் அது சபையையே வெளியே அனுப்புவதாகும் என்று செயலாளர் சொன்னார். தீர்ப்பை மாற்றலாமா என்று கேட்க, அமர்வு முடிந்த பின் மாற்றலாம் என்றார். அமர்வை எப்படி முடிப்பது என்று கேட்க, பெண்களைப் பார்த்தார்.

முனாப் ஹாஜியார் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுவிட்டார்கள் என்றார். தன் மகளின் நாற்காலியில் இருந்து எழும்ப முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். சட்டப்படி முடியாது என்றார் தலைவர்.

"அப்ப உலக்கையையாவது தாங்க ஸேர். இஞ்சி இன்னும் இடிக்கல்ல."

அதுவும் முடியவில்லை. புரியாணி மணம் மண்டபத்துக்குள் வந்தது. செனட்டர்கள் ஒவ்வொருவராகச் சமையல்கட்டின் பக்கம் திரும்பினார்கள். நிறைவேற்ற ஏதாவது தீர்மானம் தேவையா என்று எதிர்ப் பகுதித் தலைவர் கலரியைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு மக்களின் காலடிக்கு வந்த செனட் உண்மையாகவே அங்கே வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

வசந்தாதேவி எழுந்தாள். பேசிப் பழக்கமில்லாதவள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஆணையாளர் ஐயா இப்ப எங்களோட முகத்துவாரத்துக்கு வரட்டும். முதல் மண்ணை வெட்டட்டும். தண்ணி கடலுக்குப் போகக்குள்ள நாங்க எப்படியும் குரவை போடுவம். அதை மேனுகாட போன்ல நீங்க கேட்டு முடிச்சிக்கலாம். அதுவரைக்கும் 'இல்லை' சொல்ல எங்கட ஆக்கள் ரெண்டு பேர் இங்க இருப்பாங்க."

உதயரூபன், தனக்குப் புதன்கிழமைதான் வசதி என்று தொடங்கினார். அவரை வாகனம் வரைக்கும் கைத்தாங்கலாகக் கொண்டு போய் ஏற்றச் சொல்லி நாற்காலியில் இருந்தபடியே கட்டளையிட்டது அவருடைய அக்காவின் புருசனே.

முகத்துவாரத்தில் வயல்காரரும் மீன்காரரும் வழமைப்படி நின்று வழமைப்படி ஏசிக்கொண்டிருந்தார்கள். கனகசூரியம் போய் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். எல்லோர் வீட்டுக் குசினியிலும் தண்ணீர் நின்றபடியால் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆணையாளர் அந்த மணலில், அந்தச் சப்பாத்தோடு, ஒரு மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்து, ஒரு கரண்டியளவு மண்ணைக் கிளறினார். பொலிஸார் விலகினார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்து விழுந்து வாய்க்கால் வெட்டியது. நடுவில் ஒரு சின்ன மண்கட்டி மிச்சம் இருக்கையில் ஆணையாளர் எல்லோரையும் நிறுத்தினார். வரலாற்றுக்கு ஒரு படம் வேண்டும் என்றார். இந்தக் கரையில் வெளிச்சம் முகத்துக்குப் படவில்லை என்று அந்த மண்கட்டியின் மேலாலேயே நடந்து அந்தக் கரைக்குப் போய், மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மண்கட்டி கரைந்தது. களப்பு ஒரு கணம் யோசித்த மாதிரி நின்று, பிறகு புறப்பட்டது. ஒரு முழ வாய்க்கால் பார்த்திருக்கப் பார்த்திருக்க ஒரு தெருவளவு அகன்றது. செம்மண் நிறத் தண்ணீர் கடலுக்குள் இரைந்துகொண்டு ஓடியது. வசந்தாதேவிக்குத் தன்னுடைய வட்டையே அந்த வழியால் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அவளுடைய நாக்கு தானாகச் சுழன்றது. யாரும் எதிலும் தட்டவில்லை. எல்லாப் பெண்களும் போட்டார்கள். மேனுகா கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். ஏறாவூரில் ஒலிவாங்கி வழியாக அது இறங்க, தலைவர் உலக்கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, சபையை ஒத்திவைத்து, நாற்காலியில் இருந்து எழும்பி ஓடினாராம். அதே நேரம் வாசலில் மாப்பிள்ளை இறங்க, ஸாதியாவின் உறவுப் பெண்களும் குரவை போட்டார்களாம். செனட்டின் கடைசித் தீர்மானம் எந்தக் குரவையால் நிறைவேறியது என்பது இன்றுவரைக்கும் தெரியாது.

வாகனங்கள் புறப்படத் தயாரானபோதுதான் ஆணையாளரைக் காணவில்லை என்று தெரிந்தது. அவர் அக்கரையில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆறு மாதிரித் தண்ணீர். பின்னால் சவுக்கு மரங்களும் நண்டுகளும். ஒரு சப்பாத்தைக் காணவில்லை. வள்ளம், வள்ளம் என்று கத்துவது காற்றில் விட்டு விட்டுக் கேட்டது.

கனகசூரியத்தின் வள்ளம் பக்கத்திலேயே கிடந்தது. அவன் அதன் விளிம்பில் வசதியாகச் சாய்ந்து, கையை வாயருகே குவித்து, களப்புக்கே கேட்கக் கேட்டான்.

"ஐயா, வள்ளம் இறக்கச் சொல்லி எழுத்தில தாங்க. இப்பவே வாறன்."

அக்கரையில் இருந்து என்னவோ பதில் வந்தது. தாளும் பேனையும் இக்கரையில் வாகனத்துக்குள் இருந்தன.

வசந்தாதேவி பொலித்தீன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சானுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தண்ணீர் வடிகிற வேகத்தை இன்னொரு முறை கண்ணாரப் பார்த்தாள்.

"பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொண்டு வந்தவரா எண்டும் கேளுங்க மச்சான்," என்றாள். "நடமாடும் ஆள்தானே."